எந்தச் சோகை, எந்தக் கல்? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக் கல், இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு. இரண்டு தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "டாக்டர், இதனால்தான் அதுவா?" என்று கேட்பவர்கள் மாதம் நாலைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். இம்முறை வந்த கேள்விகளில் பலவும் அதையே சுற்றி வருவதால் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 9.6, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்) 6. ஸ்கேனில் பித்தப்பைக் கல்லும் இருக்கிறது, ஆனால் வலி இல்லை. இரும்புச்சத்து குறைந்தால் கல் வரும் என்று படித்தேன். உண்மையா? (வாசகி, ஈசூன்)

பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

கற்கண்டு எப்படி விளைகிறது என்று தெரியும் அல்லவா? சர்க்கரைப் பாகு கெட்டியாக இருக்க வேண்டும். அதை அசைக்காமல் வைக்க வேண்டும். பித்தப்பைக்குள் கொலஸ்ட்ரால் கல் விளைவதும் அப்படித்தான். பித்தநீரில் கரையக்கூடிய அளவைத் தாண்டிக் கொலஸ்ட்ரால் இருக்க வேண்டும், பித்தப்பையும் சரியாகச் சுருங்கி விரியாமல் சோம்பிக் கிடக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு இந்த இரண்டு பக்கமும் கை வைக்கலாம் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் வாதம். கல்லீரலில் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் நொதிக்குள் இரும்பு இருக்கிறது. இரும்பு குறைந்தால் அதன் வேலை மந்தமாகும், மாறாத கொலஸ்ட்ரால் பித்தநீரிலேயே தங்கும் என்பது ஒரு பக்கம். பித்தக்குழாயின் முனையில் உள்ள வால்வு தளர்ந்து வழிவிட நைட்ரிக் ஆக்சைடு தேவை. அதை உண்டாக்கும் நொதிக்கும் இரும்பு வேண்டும் என்பது இன்னொரு பக்கம்.

1990களில் ப்ரெய்ரி டாக் என்ற வட அமெரிக்க அணில் வகை விலங்குக்கு இரும்பு குறைந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பித்தநீர் நம்முடையதைப் போல இருப்பதால் இந்த ஆராய்ச்சிக்கு அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இரும்பு குறைந்த விலங்குகளின் பித்தநீரில் கொலஸ்ட்ரால் படிகங்கள் கூடுதலாகத் தோன்றின. பிறகு இந்திய மருத்துவமனைகள் சிலவற்றில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இரத்தத்தில் இரும்பையும் பித்தநீரில் கொலஸ்ட்ராலையும் அளந்தார்கள். இரும்பு குறைந்தவர்களின் பித்தநீரில் கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தது.

ஆனால் உங்களைப் போன்ற பெண்களுக்கு இரண்டும் சேர்ந்து வர வேறு காரணங்களும் உண்டு. கர்ப்பக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டும், புரோஜெஸ்ட்டிரோன் பித்தப்பையைச் சோம்பலாக்கும். அதே கர்ப்பமும் மாதவிடாயும் இரும்பையும் கரைக்கின்றன. ஒரே பேருந்திலிருந்து இறங்கினார்கள் என்பதற்காக இரண்டு பேரைச் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? 9.6 என்பதே சிகிச்சை தேவைப்படும் அளவு. (கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் சோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.) இரும்பு மாத்திரையைத் தொடங்குங்கள், கூடவே மகப்பேறு மருத்துவரைப் பார்த்துக் கருப்பைக் கட்டி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டையை அடைக்காமல் வாளியில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. வலியில்லாத கல்லை அப்படியே விடலாம். அப்படிப்பட்ட நூறு பேரில் ஆண்டுக்கு ஒருவர் முதல் நால்வருக்குத்தான் தொந்தரவு தொடங்குகிறது. இரும்பு ஏறினால் கல் கரைந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பத்து வருடமாகச் சோகை என்று இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 10.8ஐத் தாண்டியதே இல்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் இப்படித்தான். அம்மாவுக்குக் கல் வந்து பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கும் வருமா? அடுத்த ஆண்டு திருமணம். (வாசகி, 27, செங்காங்)

மாத்திரையை நிறுத்திவிட்டு முதலில் பரிசோதனைத் தாளைத் தேடி எடுங்கள். இன்று நான் எழுதும் பதில்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

சோகை என்பது ஒரு நோயின் பெயரல்ல, ஓர் எண் குறைந்திருக்கிறது என்பதற்கான சொல். அந்த எண் ஏன் குறைந்தது என்பதைப் பொறுத்துத்தான் கல்லோடு அதற்கு உறவு உண்டா, என்ன உறவு என்பதெல்லாம். இரும்பு இல்லாமல் இரத்தம் ஊறாதது ஒரு வகை. ஊறிய சிவப்பணு காலத்துக்கு முன்பே உடைவது இன்னொரு வகை. சிவப்பணுவுக்குச் சாதாரணமாக 120 நாள் ஆயுள். அது முன்கூட்டியே உடைந்தால் அதிலிருக்கும் ஹீமோகுளோபின் பிலிரூபினாக மாறிப் பித்தநீரில் இறங்குகிறது. அளவுக்கு மீறிய பிலிரூபின் கால்சியத்தோடு சேர்ந்து கறுப்புக் கல்லாகிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலர் சின்னக் குப்பியில் கற்களைப் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார்கள். கொலஸ்ட்ரால் கல் அவித்த கொண்டைக்கடலை மாதிரி மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். உடைந்த இரத்தத்தில் பிறந்த கல் மிளகு மாதிரி, சிறியதாக, கன்னங்கரேலென்று இருக்கும். விரலில் வைத்து நசுக்கினால் பொடிந்துபோகும். குப்பியைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். உங்கள் அம்மாவின் கல் என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் தாள். எம்சிவி என்பது சிவப்பணுவின் பருமன். இரும்புக் குறைவு, தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறு, கடுமையானால் சிவப்பணு சீக்கிரம் உடையும்) இரண்டிலுமே அது குறையும், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே சிவப்பணு எண்ணிக்கை இருக்கும். எம்சிவியை அந்த எண்ணிக்கையால் வகுங்கள். எம்சிவி 66, எண்ணிக்கை 5.6 என்றால் விடை 11.8. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். எம்சிவி 71, எண்ணிக்கை 4.1 என்றால் விடை 17.3, அது இரும்புக் குறைவின் பக்கம். 1973இல் மென்ட்சர் என்ற மருத்துவர் சொன்ன கணக்கு இது. முடிவான தீர்ப்பல்ல, அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று காட்டும், அவ்வளவே. ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையும் செய்தால் விவரம் தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் நூறில் மூன்று பேர் தலசீமியா மைனர், அதாவது மரபணுவைச் சுமக்கும் லேசான வகை, உள்ளவர்கள். கேகே மருத்துவமனையில் 1992இலிருந்து தேசியத் தலசீமியா பதிவகம் இயங்குகிறது. அங்கே குடும்பத்தோடு பரிசோதித்துக்கொள்ளலாம். மைனர் மட்டும் இருந்தால் நீங்கள் நோயாளியே அல்ல. அதனால் மட்டும் கல் வருவதும் அரிது. அதைவிடக் கடுமையான இன்டர்மீடியா, ஹீமோகுளோபின் எச் போன்ற வகைகளில்தான் கறுப்புக் கல் அடிக்கடி வரும். இரும்புக் குறைவில்லாத தலசீமியாக்காரர் ஆண்டுக்கணக்கில் இரும்பை விழுங்கினால் அது கல்லீரலில் போய்ச் சேரும். மைனர் உள்ளவருக்கு இரும்புக் குறைவும் கூடவே இருக்கலாம் என்பதால்தான் ஃபெரிட்டின் பார்க்காமல் மாத்திரை வேண்டாம் என்கிறேன்.

அப்புறம், திருமணம் என்றீர்களே. மாப்பிள்ளையையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே வகை மைனர் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர. ஜாதகம் பார்க்கிற வீட்டில் இதைக் கேட்பதற்கு ஏன் தயங்குகிறோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஐந்து வருடமாக கேஸ்ட்ரிக். தினமும் ஒமிப்ரசோல் சாப்பிடுகிறேன். பிரியாணி சாப்பிட்டால் மேல்வயிற்றில் பிடித்துக்கொண்டு வலது தோள்பட்டை வரை இழுக்கும். இப்போது ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் 9. ஸ்கேனில் கல். கல்லை எடுத்தால் இரத்தம் ஏறிவிடும்தானே? (வாசகர், 57, புக்கிட் பாத்தோக்)

ஏறாது ஐயா. கல் இரத்தத்தைக் குடிப்பதில்லை.

உங்கள் கதையில் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. கொழுப்பு உணவுக்குப் பிறகு மேல்வயிற்றில் பிடித்து, அரை மணி முதல் சில மணி நேரம் நீடித்து, வலது தோள்பட்டைக்குப் போகும் வலி பெரும்பாலும் பித்தப்பை வலிதான். நம்மவர்கள் அதை "கேஸ்" என்று சொல்லிச் சோடா குடித்து ஏப்பம் விட்டே வருடங்களைக் கடத்துகிறார்கள். இரண்டாவது, ஒமிப்ரசோல். காய்கறி, கீரை, பருப்பில் உள்ள இரும்பு உடலில் சேர வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தை ஐந்து வருடம் அடக்கினால் இரும்பும் மெல்ல இறங்கும். கேஸ்ட்ரிக் அல்லாததற்குக் கேஸ்ட்ரிக் மாத்திரை சாப்பிட்டுச் சோகையைத் தேடிக்கொள்வதும் இப்படி நடக்கிறது. (ஆஸ்பிரின் போன்றவை சாப்பிடுபவர்களுக்கு ஒமிப்ரசோல் காவலாக இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.)

மூன்றாவது இழைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 57 வயது ஆணுக்கு மாதவிடாய் இல்லை, பிரசவம் இல்லை. இரும்பு எங்கோ கசிகிறது. எங்கே என்று பார்க்கும்வரை "கல்லால்தான்", "மாத்திரையால்தான்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், நானே சொன்னாலும் சரி. பல வருடங்களுக்கு முன் இதே வயதில் ஒரு டாக்சி ஓட்டுநர் என்னிடம் வந்தார். சோகை, கல், மேல்வயிற்று வலி. கல் கிடைத்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று நானும் நினைத்தேன். பித்தப்பையை எடுத்தார்கள், வலி போயிற்று. பத்து மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் இன்னும் கீழே. பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய். அந்தப் பக்கத்துக் கட்டி சத்தமில்லாமல் கசியும். மலத்தில் இரத்தம் கண்ணுக்குத் தெரியாது, சோகைதான் முதல் தடயம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பத்து மாதத்துக்கு நான்தான் பொறுப்பு.

ஆகவே உங்களுக்கு மேலே எண்டோஸ்கோப்பி, கீழே கோலனாஸ்கோப்பி, இரண்டும் வேண்டும். வயிற்றில் எச் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், அதுவும் இரும்பைக் குறைக்கும். 50 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுதோறும் வீட்டில் செய்துகொள்ளும் ஃபிட் மலப் பரிசோதனை (மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடுவது) நல்லதுதான், ஆனால் அது அறிகுறி ஒன்றும் இல்லாதவர்களை வடிகட்ட. இரும்புக் குறைவுச் சோகை ஏற்கெனவே இருக்கிறவருக்கு ஃபிட் நெகட்டிவ் என்பது விடுதலைப் பத்திரம் அல்ல. கல்லையும் எடுக்கத்தான் வேண்டும், வலி தருகிற கல் என்பதால். வரிசையில் அது இரண்டாவது.

பிரசவத்துக்குப் பிறகு ஹீமோகுளோபின் 9. மாமியார் தேக்கா சந்தையில் ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வந்து வறுத்துக் கொடுக்கிறார். பித்தப்பையில் கல் இருப்பதால் மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, 31, உட்லண்ட்ஸ்)

இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். மாமியாரிடம் எண்ணெயை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

சுவரொட்டி என்பது மண்ணீரல். பழைய சிவப்பணுக்களைச் சலித்து எடுக்கும் உறுப்பு, அதனால் இரும்பு நிறைந்தது. அந்த இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக உடலில் சேரும். வாரம் ஒன்றிரண்டு முறை, மிளகும் சீரகமும் போட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கிச் சாப்பிடலாம். நல்லெண்ணெயில் மிதக்கவிட்டு வறுத்தால் பித்தப்பை சட்டென்று சுருங்கிக் கல்லை வாயிலில் கொண்டுபோய் வைக்கும். அன்றிரவு தூங்க மாட்டீர்கள்.

ஆனால் 9ஐச் சாப்பாடு மட்டும் தூக்கிவிடாது, மாத்திரை வேண்டும். 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரையில் உள்ள உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம். அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். தினம் ஒன்று போதும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு மூன்றாக விழுங்கினால் குடல் கதவைச் சாத்திக்கொள்ளும். கோப்பி, தே, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சாப்பிடாதீர்கள். காலைத் தே தாரிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால், தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடருங்கள், சேமிப்பு நிரம்ப அவ்வளவு நாளாகும்.

தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது. பாட்டி "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்கிறார். பித்தப்பை ஸ்கேன் எடுக்கட்டுமா? (வாசகி, 19, சுவா சூ காங்)

பாட்டி சொல்லும் பித்தம் வேறு, பித்தப்பை வேறு. பித்தப்பையால் தலை சுற்றாது. ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள், ஸ்கேன் வேண்டாம். மைலோ பெங் குடித்து முடித்த பிறகும் ஐஸ் கட்டிகளைக் கடித்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? அதுவும் இரும்புக் குறைவின் அறிகுறிதான், பலருக்குத் தெரிவதில்லை.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்ததில் பச்சை நிறத்தில் முப்பது கல் வெளியே வந்தது. படம் அனுப்பியிருக்கிறேன். (வாசகர், 44, ஜூரோங்)

படத்தைப் பார்த்தேன். அது கல் அல்ல, சோப்பு. எண்ணெய் குடலில் செரிமானச் சாறுகளோடு சேர்ந்து அப்படி உருண்டையாகிறது. 2005இல் லான்செட் இதழில் இதேபோல் ஒரு பெண்மணி கொண்டுவந்த "கற்களை" ஆராய்ந்து எழுதினார்கள். உள்ளே கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிரூபினும் இல்லை. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், உங்கள் கல் அங்கேயேதான் இருக்கும்.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம், ஒருவேளை சைவ உணவு. போன ஆண்டு காவடி முடிந்த மறுவாரம் பித்தப்பை வலி வந்து மருத்துவமனையில் கிடந்தேன். சாமி குற்றமா? (வாசகர், 35, அங் மோ கியோ)

சாமி மேல் குற்றம் இல்லை, சாப்பிட்ட முறையில்தான். பித்தப்பை சுருங்க வேண்டுமானால் உணவில் கொஞ்சமாவது கொழுப்பு வர வேண்டும். 23 மணி நேரம் வெறும் வயிறு என்றால் பித்தநீர் தேங்கிக் கெட்டியாகிறது; முதலில் சொன்ன பாகு நினைவிருக்கிறதா? அதோடு எடை வேகமாகக் குறையும்போது கல்லீரல் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளுகிறது. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் ஆபத்து கூடும். பிறகு விரதம் முடிந்ததும் ஆட்டுக்கறி விருந்து. காத்துக் கிடந்த பித்தப்பை ஒரே அடியாகச் சுருங்கும்.

விரதத்தை விடச் சொல்ல மாட்டேன். சைவத்தை வைத்துக்கொண்டு, ஒருவேளையை இரண்டு சிறுவேளையாக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி நெய்யோ ஒரு பிடி நிலக்கடலையோ இருக்கட்டும். முடித்த முதல் வாரம் விருந்தைத் தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே வலி வந்த கல் என்பதால் அடுத்த விரதத்துக்கு முன் அறுவை மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்த தானம் செய்கிறேன். இப்போது ஹீமோகுளோபின் 12.4 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல் இருப்பதாலா? (வாசகர், 41, பிடோக்)

இல்லை. ஆண்களுக்கு 13 வேண்டும். ஒவ்வொரு தானத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலை விட்டுப் போகிறது. ஃபெரிட்டின் பாருங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். 50 வயதை நெருங்கும்போது இதே எண் வந்தால் தானத்தைக் காரணம் காட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், மேலே புக்கிட் பாத்தோக் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. பித்தப்பை வீங்கிக் காய்ச்சலோடு சேர்த்தோம். அப்போது ஹீமோகுளோபின் 8.9, ஃபெரிட்டின் 95. "இரும்பு போதுமானது" என்றார்கள். ஆறு வாரம் கழித்து அறுவை சிகிச்சை. அதற்குள் இரத்தம் ஏற்ற வேண்டுமா? பித்தப்பையை எடுத்த பிறகு இரும்பு சேருமா? (மகள், தெம்பனிஸ்)

ஃபெரிட்டின் 95 என்பதை அப்படியே நம்பாதீர்கள். உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். பித்தப்பை வீங்கியிருந்த நேரத்தில் எடுத்த எண் அது. காய்ச்சல் போய்ச் சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள், டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) சேர்த்துக் கேளுங்கள். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இரும்பு குறைந்துதான் இருக்கிறது.

குறைவு என்று உறுதியானால் ஆறு வாரம் தாராளமான அவகாசம். நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். புதிய மருந்துகளில் 1,000 மில்லிகிராம் வரை ஒரே அமர்வில், கால் மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஹீமோகுளோபின் ஏற இரண்டு மூன்று வாரமாகும் என்பதால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். நேரம் இருக்கும்போது, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இல்லாதவருக்கு, வேறொருவர் இரத்தத்தை ஏற்றுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். 63 வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றிருக்கும் என்பதால் குடல் பரிசோதனையையும் அறுவை மருத்துவரிடம் எழுப்புங்கள்.

பித்தப்பை போன பிறகு இரும்பு சேர்வதில் மாற்றம் இல்லை. இரும்பு சேரும் இடம் சிறுகுடலின் தொடக்கம், அது அங்கேயேதான் இருக்கப் போகிறது. கல்லீரல் பித்தநீரை நேராகக் குடலுக்கு அனுப்பிக்கொள்ளும். சிலருக்குச் சில வாரம் வயிறு இளகிப் போகும்.

இந்த ஆறு வாரத்துக்குள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் போனாலோ அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், இரவாக இருந்தாலும் சரி. அம்மாவின் பழைய ஸ்கேன் தாளை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.